நெடுந்தூரச் சவாரியில் குதிரைக்கு உப்பும் தண்ணீரும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒடுகத்தூர் பக்கத்தில் மூன்று குதிரைகள் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மார்கழி, தை மாதங்களில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஜவ்வாது மலை அடிவாரத்தில் 40, 60 கிலோமீட்டர் சவாரி போவோம். எண்டூரன்ஸ் என்று வெளியூரில் சொல்வதை நாங்கள் எங்கள் அளவில் செய்கிறோம். இப்போது அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்தும் புதிதாக நிறைய பேர் குதிரை வாங்கி வருகிறார்கள், வந்ததும் முதலில் கேட்பது எலக்ட்ரோலைட் பற்றித்தான். அதனால் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கால்நடை மருத்துவருக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் குதிரையைத் தெரிந்த ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

எலக்ட்ரோலைட் என்றால் என்ன? குதிரைக்கு அது தெம்பு மருந்தா?

தெம்பு மருந்து கிடையாது. சோடியம், குளோரைடு, பொட்டாசியம், கொஞ்சம் கால்சியம், மெக்னீசியம், அவ்வளவுதான். தசை சுருங்கவும் விரியவும், இதயம் அடிக்கவும், குடல் அசையவும், ரத்தத்தில் தண்ணீர் தங்கவும் இவை வேண்டும். வியர்வையில் போனதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறோம், அதைவிட முக்கியமாகக் குதிரையைத் தண்ணீர் குடிக்க வைக்கிறோம். இந்த இரண்டுக்கும்தான் உப்பு. களைத்துப் போன குதிரைக்கு உப்பு ஊற்றினால் எழுந்து ஓடும் என்று நினைத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் கொடுப்பது பெரும்பாலும் கெடுதலில்தான் முடியும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நாமும்தான் வியர்க்கிறோம், சோடா குடித்தால் சரியாகிவிடுகிறது. குதிரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கணக்கு?

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மனிதனின் வியர்வை நம் ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அதனால் நமக்கு வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறுகிறது, மூளை உடனே தாகத்தைக் கிளப்புகிறது. குதிரையின் வியர்வை அப்படியில்லை, அதன் ரத்தத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ உப்பு உள்ளது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தில் அடர்த்தி ஏறுவதில்லை, மூளைக்குத் தகவல் போவதில்லை. 15 லிட்டர் தண்ணீரை இழந்த குதிரை தொட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்க்கிறவர் "தாகம் இல்லை போல" என்பார். தாகம் எடுக்க வேண்டிய உடம்புதான், தாகத்தைச் சொல்லும் மணி அடிக்கவில்லை.

ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 3 கிராம் சோடியம், 5 முதல் 6 கிராம் குளோரைடு, 1.2 முதல் 1.6 கிராம் பொட்டாசியம் போகும். மொத்தத்தில் லிட்டருக்குப் பத்து கிராம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மிதமான வேகத்தில் மணிக்கு 5 முதல் 8 லிட்டர் வியர்க்கும், நல்ல வெயிலில் 10 லிட்டரைத் தாண்டும். மூன்று மணி நேரச் சவாரியில் 20 லிட்டர் போனால் 200 கிராம் உப்புகள் போய்விட்டன. சேணத்துக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் திரள்கிறதே, அது லேத்தரின் என்ற புரதத்தால் வருவது, வியர்வை மயிருக்குள் பரவி ஆறுவதற்காக. காய்ந்த பிறகு கையால் தடவினால் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக உதிரும், நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கணக்கு அது.

போன 200 கிராமையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம், முடியவும் முடியாது. குதிரையின் பெருங்குடல் ஒரு ஏரி மாதிரி, நார்ச்சத்தோடு சேர்ந்து தண்ணீரும் உப்பும் அங்கே தேங்கி நிற்கும், ஓடும்போது உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி கொடுத்தால் போதும். மீதியை அன்று இரவும் மறுநாளும் தின்று குடித்து அதுவே நிரப்பிக்கொள்ளும்.

வீட்டிலேயே கலவை செய்யலாமா? என்ன அளவு?

செய்யலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். சமையல் உப்பு மூன்று பங்கு, பொட்டாசியம் குளோரைடு ஒரு பங்கு, இரண்டும் எடைக்கணக்கில். ஏன் மூன்றுக்கு ஒன்று என்றால், 3 கிராம் சோடியம் வர சுமார் 7.6 கிராம் உப்பு வேண்டும், 1.4 கிராம் பொட்டாசியம் வர சுமார் 2.7 கிராம் பொட்டாசியம் குளோரைடு வேண்டும். இரண்டையும் கூட்டினால் குளோரைடும் தானாகவே ஆறு கிராம் பக்கம் வந்து நிற்கிறது. ஒரு லிட்டர் வியர்வைக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். சிலர் இரண்டுக்கு ஒன்று கலக்கிறார்கள், அதுவும் தவறில்லை, ஆனால் பொட்டாசியத்தை அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். அளவு மீறிய பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குழப்பும். கரண்டிக் கணக்கு வேண்டாம், நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை வராது.

உரக்கடையில் பொட்டாஷ் கிலோ கணக்கில் கிடைக்கிறதே, அதுவும் பொட்டாசியம் குளோரைடுதானே?

பெயர் அதுதான், ஆனால் வேண்டவே வேண்டாம். நெல்லுக்கும் வாழைக்கும் போடுகிற உரத்தில் மண், இரும்பு, வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் பார்த்து விற்பதில்லை, அது வாயில் போகும் என்று நினைத்துத் தயாரிக்கப்பட்டதும் இல்லை. உணவுத் தரம் அல்லது மருந்துத் தரம் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கிடைக்காத அன்று வெறும் சமையல் உப்போடு போங்கள், புல் தின்னும் குதிரைக்கு ஒரு நாள் அதுவே பெரும்பாலும் போதும். புல்லிலும் வைக்கோலிலும் பொட்டாசியம் நிறைய உண்டு.

இந்துப்பு போட்டால் எல்லாத் தாதுவும் கிடைக்குமாமே? அயோடின் உப்பு ஆகாதாமே?

இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான், அதன் நிறத்துக்காக நான்கு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. அயோடின் உப்பில் நீங்கள் கொடுக்கப் போகும் அளவில் ஒன்றிரண்டு மில்லிகிராம் அயோடின்தான் வரும், குதிரைக்குத் தாங்கும். மரக்காணத்துக் கல் உப்பாக இருந்தாலும் சரி, பொடி செய்து மண் இல்லாமல் கொடுங்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட் கரைத்துக் கொடுக்கிறேன். போதாதா?

ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 13.5 கிராம் குளுக்கோஸ். பேதியான குழந்தைக்காகக் கணக்குப் போட்டது, அந்த வேலைக்கு அருமையானது. குதிரைக்கு எடுத்துக்கொண்டால் ஒரு பாக்கெட்டில் 1.7 கிராம் சோடியம் வருகிறது, 20 லிட்டர் வியர்த்த குதிரைக்குப் போன 60 கிராமை ஈடுகட்ட 35 பாக்கெட். அத்தோடு அரைக் கிலோ பக்கம் குளுக்கோஸும் 100 கிராம் சிட்ரேட்டும் உள்ளே போகும். சிட்ரேட் உடம்பில் காரமாக மாறும். பேதியில் ரத்தம் அமிலப் பக்கம் போவதால் குழந்தைக்கு அது உதவி. நெடுந்தூரம் வியர்த்த குதிரையோ குளோரைடை இழந்து ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும். அதே காரணத்துக்காகத்தான் சமையல் சோடாவும் கூடாது. மாட்டுக்கு வயிறு உப்பினால் சோடா கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அந்தக் கையோடு குதிரைக்கும் போட்டுவிடுகிறார்கள்.

கோழிக்கும் மாட்டுக்கும் கோடைக்காலத்தில் விற்கிற எலக்ட்ரோலைட் பொடிகளைப் பற்றியும் இதே பதில்தான். பின்பக்கம் படியுங்கள், சோடியம் பைகார்பனேட் இருந்தால் வைத்துவிடுங்கள். இன்னொன்று, கோழித் தீவனத்தைக் குதிரை லாயத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றே விடும்.

இளநீர்? பாலாற்றுக் கரையில் இதைவிடச் சுலபமாக என்ன கிடைக்கும்?

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அது தலைகீழ். குதிரை விரும்பிக் குடித்தால் ஒன்றிரண்டு கொடுங்கள், ருசிக்காக. அதை எலக்ட்ரோலைட் கணக்கில் சேர்க்காதீர்கள். வெறும் குளுக்கோஸ் பொடியில் உப்பே கிடையாது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரி, ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை?

முதலில் உங்கள் குதிரையின் எடை தெரிய வேண்டும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, அதைத் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். சுற்று 165, நீளம் 145 என்றால் சுமார் 332 கிலோ வரும். நம்மிடம் இருக்கும் மார்வாரி, கத்தியவாரி, அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரைகளெல்லாம் 300-லிருந்து 400 கிலோவுக்குள்தான் பெரும்பாலும் நிற்கும். வெளிநாட்டுப் பொடியின் டப்பாவில் 500 கிலோவுக்குப் போட்டிருக்கும் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது இங்கேதான் தப்பாகிறது. நெடுஞ்சாலையில் லாரி எடைமேடை இருக்கிறது, காலை நேரத்தில் கேட்டால் குதிரையை ஏற்ற விடுவார்கள், பத்து கிலோ முன்னே பின்னே இருக்கும். சவாரிக்கு முன்னும் பின்னும் ஏற்றிப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் போனது என்பது தோராயமாகத் தெரியும்.

350 கிலோ குதிரைக்கு மேலே சொன்ன கலவையில் 25 முதல் 30 கிராம் ஒரு தடவைக்கு. குளிர்ந்த காலையில் 40 கிலோமீட்டர் என்றால் புறப்படும் முன் தீவனத்தில் ஒரு தடவை, நடுவில் நிறுத்தும்போது வாயில் சிரிஞ்ச் வழியாக ஒரு தடவை (எப்படி என்று கீழே சொல்கிறேன்), முடிந்தது. 60, 80 கிலோமீட்டர் என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஒரேயடியாக 100 கிராம் ஊற்றுவதைவிடச் சிறிது சிறிதாகப் பல தடவை நல்லது. ஒவ்வொரு தடவையும் ஒரே நிபந்தனை: குதிரை தண்ணீர் குடித்திருக்க வேண்டும், அல்லது கொடுத்தவுடன் குடிக்கத் தண்ணீர் எதிரிலேயே இருக்க வேண்டும். வழியில் அடுத்த தண்ணீர் எட்டு கிலோமீட்டர் தள்ளி என்றால் அங்கே போய்க் கொடுங்கள்.

தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பு கொடுத்தால் தாகம் வந்து குடிக்காதா?

லேசாக வியர்த்திருக்கும் குதிரைக்கு அப்படி நடக்கலாம். நீர் வற்றிப் போன குதிரைக்கு நடக்காது. வயிற்றில் போய் விழுந்த அடர்த்தியான உப்பு, ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். ஏற்கெனவே ரத்தம் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது, இருக்கிறதையும் பிடுங்கினால் என்ன ஆகும்? ஈறு காய்ந்து, குடல் சத்தம் இல்லாமல், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் குதிரைக்கு உப்பு சிரிஞ்சை எடுக்காதீர்கள். அதற்கு டாக்டர்தான், நரம்பு வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ திரவம் ஏற்ற வேண்டும்.

அப்படியென்றால் குடிக்க வைப்பது எப்படி? என் குதிரை முதல் 25 கிலோமீட்டர் வாயே வைப்பதில்லை.

நிறைய குதிரைகள் அப்படித்தான், பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

ஒரு வழி, முதல் வாளியை உப்புத் தண்ணீராகக் கொடுப்பது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 90 கிராம். ஓடி வந்த குதிரைக்கு முதலில் இந்த உப்புத் தண்ணீரும் அப்புறம் வெறும் தண்ணீரும் கொடுத்தபோது, முதலிலிருந்தே வெறும் தண்ணீர் கொடுத்த குதிரைகளைவிட மொத்தத்தில் அதிகம் குடித்ததாக ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். காரணம் நாம் பேசியதுதான், வெறும் தண்ணீர் ரத்தத்தை நீர்க்க வைத்துத் தாகத்தைச் சீக்கிரம் அணைத்துவிடும். ஆனால் இதை வீட்டில் பல நாள் பழக்கியிருக்க வேண்டும், சவாரி அன்று முதன்முதலாக நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் வாளியும் கட்டாயம் இருக்க வேண்டும். உப்பை வாளியில் கொடுத்தால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள், சிரிஞ்சிலும் சேர்த்து ஊற்றக் கூடாது.

இன்னொரு வழி தவிட்டுத் தண்ணீர். வாணியம்பாடியில் ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இது. மத்தியான நடை முடிந்து வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை கோதுமைத் தவிடும் ஒரு கை உப்பும் போட்டுக் கலக்கி வைப்பாராம், குதிரை அடிமண்டி வரை உறிஞ்சிவிடுமாம். எலக்ட்ரோலைட் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்ததே இல்லை. நாற்பது வருஷம் வெயிலில் குதிரையை நிற்க வைத்துப் பிழைத்தவர், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் இன்றும் அதைத்தான் முதலில் செய்து பார்க்கிறேன், உப்பை மட்டும் தராசில் நிறுத்துப் போடுகிறேன்.

தண்ணீர் சில்லென்று இருக்கத் தேவையில்லை, நிழலில் வைத்த தண்ணீரைக் குதிரை நன்றாகக் குடிக்கும். வெயிலில் நின்று சுட்ட பிளாஸ்டிக் டிரம் தண்ணீரைத்தான் ஒதுக்கும்.

வியர்த்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது என்று தாத்தா சொல்வாரே?

தாத்தாவை மதிக்கிறேன், இந்த ஒன்றில் மாற்றிக்கொள்ளலாம். வந்தவுடன் குடிக்க விடுங்கள். மேலேயும் தண்ணீரை ஊற்றுங்கள், கழுத்து, நெஞ்சு, தொடை என்று நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஊற்றிக் குளிர வைக்கும் ஒவ்வொரு லிட்டரும் அது வியர்க்க வேண்டியதில் மிச்சம், உப்பும் அந்த அளவுக்கு மிச்சம்.

வழியில் கிடைக்கும் போர் தண்ணீர் எல்லாம் சரிதானா?

நம் பகுதியில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிப் போயிருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்த விஷயம் இது, இன்னும் பல கிணறுகள் மீளவில்லை. நாக்கில் வைத்தாலே கரிக்கும் தண்ணீரைக் குதிரை குடிக்காது. குடித்தாலும் அதற்கு மேல் நம் கலவையும் போனால் எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்று நமக்குத் தெரியாது. நான் 20 லிட்டர் கேனில் வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் இடங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன், பழகிய வாசனை என்பதால் குதிரை தயங்காமல் வாய் வைக்கிறது. அமிர்தி பக்கம், மலையடிவாரக் கிணறுகளில் எங்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

நம்ம ஊர் வெயிலில் இதெல்லாம் போதுமா?

ஒரு மாலைச் சவாரிக்கு முன் செல்போனில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பாருங்கள். வெப்பத்தைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றி ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டுங்கள். 130-க்குள் என்றால் கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் வியர்வை சரியாக ஆறாது, வேகத்தைக் குறைக்க வேண்டும். 180 என்றால் சேணத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். 35 டிகிரி செல்சியஸ் என்பது 95 பாரன்ஹீட், அன்று ஈரப்பதம் 65 என்றால் மொத்தம் 160. வேலூரில் பங்குனி பிறந்துவிட்டாலே இந்தக் கணக்கு அடிக்கடி வரும். அக்கினி நட்சத்திரத்தில் நாங்கள் நெடுந்தூரச் சவாரியே வைப்பதில்லை, எந்த உப்பாலும் அந்த வெயிலைச் சரிக்கட்ட முடியாது.

பாலாற்று மணலையும் கணக்கில் வையுங்கள். பார்க்க அழகாக, நேராக நீண்டு கிடக்கும், ஆனால் கால் புதையும் மணலில் ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் மண் பாதையில் போவதைவிட நிறைய வியர்த்துவிடும்.

விலா துடிக்கிறது, விக்கல் மாதிரி. என்ன அது?

சவாரியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், இறங்குங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

வியர்வையோடு போய் ரத்தத்தில் குளோரைடு, பொட்டாசியம், கால்சியம் குறைந்து ரத்தம் காரமாகும்போது உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) போகும் நரம்பு எரிச்சலடைந்து, பக்கத்தில் இருக்கும் இதயம் அடிக்க அடிக்க அதுவும் சேர்ந்து சுண்டுகிறது. இதயத்தில் கை வைத்துப் பார்த்தால் துடிப்பும் விலாச் சுண்டலும் ஒரே தாளத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் தம்ப்ஸ் என்பார்கள். என் பெட்டைக் குதிரைக்கு ஒரு பங்குனி மாதம் இது வந்தது. 60 கிலோமீட்டர் சவாரி, விடிந்ததிலிருந்தே புழுக்கம், முதல் நிறுத்தத்தில் அரை வாளிகூடக் குடிக்கவில்லை. நான் யாரோ சொன்னதைக் கேட்டு ஓஆர்எஸ்ஸோடு சமையல் சோடாவும் கலந்து ஊற்றினேன். 45-ஆவது கிலோமீட்டரில் விலா சுண்ட ஆரம்பித்தது, சேணத்துக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. டாக்டர் வந்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபடியே கால்சியத்தை ரத்தக் குழாயில் மிக மெதுவாக ஏற்றினார், ஒரு மணி நேரத்தில் சுண்டல் அடங்கியது. அன்று அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை, அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

பால் மாடு வைத்திருப்பவர்கள் வீட்டில் பால் காய்ச்சலுக்கான கால்சியம் பாட்டில் இருக்கும். அதை எடுத்து நீங்களே ஊசி போட்டுவிடாதீர்கள். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

குதிரை மசால் (லூசர்ன் என்கிற பச்சைத் தீவனம்) நிறைய கொடுத்தால் கால்சியம் கிடைத்துத் தம்ப்ஸ் வராமல் இருக்குமா?

வாரக்கணக்கில் முன்னாலிருந்து அள்ளிப் போட்டால் விளைவு எதிராகப் போகலாம். தீவனத்திலிருந்தே கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொடுக்கும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடும், அவசரத்துக்கு எடுக்க வராது. பயிற்சி நாட்களில் புல்லும் வைக்கோலும் முக்கியத் தீவனமாக இருக்கட்டும், குதிரை மசாலைச் சவாரி நாளன்று நிறுத்தங்களில் கொடுங்கள். அன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பச்சை ஏதாவது தின்ன வேண்டும், நனைத்த தீவனமாக இருந்தால் இன்னும் நல்லது. தின்கிற குதிரை குடிக்கும். கொள்ளுப் பயறை ஊற வைத்தோ வேக வைத்தோ வழக்கமான அளவில் முந்தைய நாள் வரை கொடுங்கள், சவாரி அன்று காலை வயிறு நிறையக் கொள்ளு வேண்டாம்.

முந்தைய இரண்டு மூன்று நாள் உப்பை ஏற்றி வைத்தால் சேமிப்பு ஆகாதா?

ஆகாது. மிஞ்சின சோடியத்தை உடம்பு வைத்துக்கொள்ளாது, சிறுநீரில் தள்ளிவிடும். தினப்படி உப்பு ஒழுங்காகக் கொடுத்து வந்தால் போதும்: வேலையில்லாத நாளில் 350 கிலோ குதிரைக்கு 20 கிராம் பக்கம், நன்றாக வியர்த்த நாளில் இரண்டு மூன்று மடங்கு, தீவனத்தில் தூவி. உப்புக்கட்டி தொங்கவிட்டிருக்கிறேன் என்பார்கள், தொங்கட்டும், ஆனால் மாட்டு நாக்கு மாதிரி சொரசொரப்பு குதிரைக்கு இல்லை, வேண்டிய அளவு நக்கும் என்று நம்ப முடியாது.

சிரிஞ்சில் எப்படிக் கொடுப்பது? துப்பிவிடுகிறது அண்ணா.

ஊசியில்லாத 60 மில்லி சிரிஞ்ச், மருந்துக் கடையில் கிடைக்கும். கலவையை மசித்த வாழைப்பழத்திலோ கொஞ்சம் வெல்லப் பாகிலோ குழைத்துக்கொள்ளுங்கள், உப்பு கட்டியில்லாமல் நன்றாகக் குழைந்திருக்க வேண்டும். முதலில் வாயில் புல் இல்லாமல் கழுவுங்கள். கடிவாளம் உட்காரும் பல்லில்லாத இடைவெளியில், வாயின் ஓரத்தில் நுழைத்து, நாக்கின் பின்பக்கமாக மெதுவாக அழுத்துங்கள். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். பாட்டிலில் கரைத்து மாட்டுக்கு மருந்து ஊற்றுவது போல ஊற்றுவதும் அதனால்தான் ஆபத்து. வீட்டில் வெறும் வாழைப்பழத்தைச் சிரிஞ்சில் வைத்து நாலைந்து தடவை கொடுத்துப் பழக்குங்கள், அப்புறம் சிரிஞ்சைப் பார்த்தாலே வாயை நீட்டும்.

அடிக்கடி கொடுத்தால் வயிற்றுப் புண் வரும் என்கிறார்களே?

உண்மைதான். அடர்த்தியான உப்புக் கரைசலை மணிக்கு ஒரு தடவை வீதம் பல மணி நேரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரைப்பைப் புண் அதிகமானது. அதனால்தான் வெறும் வயிற்றில் வேண்டாம், தீவனத்தோடு கொடுங்கள், அளவைக் குறையுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன். வாயில் புண் இருக்கிற குதிரைக்குச் சிரிஞ்சை விட்டுவிட்டு வாளியில் கொடுங்கள்.

எதைப் பார்த்து நிறுத்துவது?

நிறுத்தத்துக்கு வந்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இதயத் துடிப்பு 64-க்குக் கீழே இறங்க வேண்டும். போட்டிகளிலும் பொதுவாக இந்த எண்தான். இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அத்தோடு போதும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், தோள் மேல் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும், இரு பக்க விலாவிலும் காதை வைத்தால் குடல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். குடல் மௌனமாக இருக்கும் குதிரையை நான் ஒரு அடிகூட ஓட விடுவதில்லை. பின்னங்கால் விறைத்து, சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் தசை சிதைகிறது என்று அர்த்தம், நடத்தக்கூடக் கூடாது, நின்ற இடத்துக்கு வண்டியும் டாக்டரும் வர வேண்டும்.

சவாரி முடிந்த பிறகு?

முடிந்தவுடன் தண்ணீர், பச்சைத் தீவனம், ஒரு மணி நேரம் கழித்து நன்றாகக் குடித்துத் தின்னும் குதிரைக்குக் கடைசியாக ஒரு தடவை உப்பு. வண்டியில் ஏற்றி ஊருக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் ஏற்றும் முன்பே குடிக்க வைத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு தடவை டார்ச் எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்ப் பாருங்கள். லத்தி ஈரமாக, உருண்டையாக விழுந்திருக்கிறதா, தொட்டித் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, சிறுநீர் கழித்திருக்கிறதா. லத்தி உலர்ந்து சின்னதாகச் சளி பூசினாற்போல் இருந்தால், அல்லது ஒன்றுமே இல்லை என்றால், விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள்.